திருப்பணிக்கு முன் ஓர் அளவுப் பதிவு: விழுப்புரம், திண்டிவனம் வட்டார ஜினாலயங்களும் லேசர் வருடலும்

செஞ்சிக்கு அருகில் தொண்டூர் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர்ப் பாறையில் துறவியர் தங்குவதற்கென வெட்டப்பட்ட கற்படுக்கைகளும், தமிழ் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்ட சிறு கல்வெட்டு ஒன்றும் காணப்படுகின்றன. இளங்காயிபன் என்பான் ஏவ, அகழூர் அறமாக, மோசி என்பான் செய்த உறைவிடம் இது என்பது அக்கல்வெட்டின் கருத்து. இதனைக் கி.பி. 3ஆம் நூற்றாண்டளவினது என்று எழுத்தாய்வு அறிஞர் கணிக்கின்றனர். கல்வெட்டுச் சுட்டும் அகழூர், அருகிலிருக்கும் அகலூரே என்பர். அவ்வூரில் நம்மவர் இன்றும் வாழ்கின்றனர். ஜினாலயமும் வழிபாட்டில் உள்ளது. ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளாக ஓர் ஊரின் பெயரும் ஒரு சமயத்தின் அறமும் ஒன்றாகத் தொடர்ந்து வருகின்றன என்பதற்கு இதனினும் எளிய சான்று வேறு வேண்டுவதில்லை.

இச்செய்தியை நமக்குச் சொன்னது எது? ஏட்டுச் சுவடி அன்று. அரசு ஆவணமும் அன்று. ஒரு பாறையின் மேற்பரப்பில் உளி ஏற்படுத்திய சில பள்ளங்களே சொல்லின. அப்பள்ளங்கள் மழையில் கரைந்திருந்தாலும், பாறை சல்லிக்காக உடைக்கப்பட்டிருந்தாலும், இளங்காயிபனும் மோசியும் இவ்வுலகில் வாழ்ந்தார்கள் என்பதே நமக்குத் தெரிந்திராது. தமிழ்ச் சமணரின் வரலாற்றில் பெரும்பகுதி இவ்வாறு கல்லின் வடிவத்தில்தான் தங்கியுள்ளது. அவ்வடிவத்தை அது மாறுவதற்கு முன்பே துல்லியமாக அளந்து பதிவு செய்துவைக்கும் வழி ஒன்று இன்று நம் கைக்கு எட்டியுள்ளது. லேசர் வருடல் எனப்படும் அம்முறையைப் பற்றியும், நம் வட்டாரத் திருக்கோயில்களுக்கு அது எவ்வாறு பயன்படும் என்பதைப் பற்றியும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் வட்டாரத்தின் கற்செல்வம்

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் உள்ள சமணச் சின்னங்களை மூவகையாகப் பகுத்துக் காணலாம். முதலாவது, தொண்டூரில் உள்ளவை போன்ற கற்படுக்கைகள். இரண்டாவது, பாறையில் புடைப்பாகச் செதுக்கப்பெற்ற திருவுருவங்கள். செஞ்சிக்கு அண்மையிலுள்ள திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களின் திருமேனிகள், வரிசைக்குப் பன்னிரண்டாக இரு வரிசைகளில் ஒரே பாறையில் அமைந்திருப்பதைக் கண்டு வணங்காத நம்மவர் இலர். அதே குன்றில், ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகையைக் குறிக்கும் கல்வெட்டும், முப்பது நாள் நோன்பிருந்த மற்றொரு துறவியைக் குறிக்கும் பிற்காலக் கல்வெட்டும் உள்ளன. தமிழ் எழுத்து வளர்ச்சியை ஆய்வோர் சந்திரநந்தி கல்வெட்டை, வட்டெழுத்து உருப்பெற்ற தொடக்க நிலைக்குரிய அரிய சான்றாகப் போற்றுகின்றனர்.

மூன்றாவது வகை, கல்லாலும் செங்கல்லாலும் எழுப்பப்பட்ட ஆலயங்கள். நம் திருமடம் விளங்கும் மேல்சித்தாமூரில் இரண்டாம் வகையும் மூன்றாம் வகையும் ஒருங்கே உள்ளன. மலைநாதர் கோயிலில் பாகுபலி, பார்சுவநாதர், ஆதிநாதர், மகாவீரர், தருமதேவி ஆகியோரின் உருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன; இவை 9ஆம் நூற்றாண்டளவின என்பது கலை வரலாற்றாசிரியர் கருத்து. பார்சுவநாதர் பெருங்கோயிலோ கோபுரமும் மானத்தம்பமும் மண்டபங்களுமாகப் பிற்காலத்தில் பல தலைமுறைகளின் கொடையால் வளர்ந்தது. வீடூர், பெருமண்டூர் முதலிய ஊர்களின் ஆலயங்களும் இவ்வாறே படிப்படியாக வளர்ந்தவை. ஒரே ஆலயத்தில் சோழர் காலத்துத் தூணும், விஜயநகரக் காலத்து மண்டபமும், நம் பாட்டனார் காலத்துச் சுதை வேலையும் அடுத்தடுத்து நிற்பதுண்டு. எது எக்காலத்தது என்பதைப் பிரித்தறிவது எவ்வாறு?

துப்ரேய் காட்டிய வழி

இவ்வினாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே விடை காண முயன்றவர் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய். தென்னிந்தியக் கட்டடக்கலையையும் சிற்பக்கலையையும் பற்றிய அவருடைய இரு தொகுதிகள் 1914ஆம் ஆண்டில் வெளிவந்தன. கல்வெட்டில்லாத கட்டடத்துக்கும் காலம் கணிக்கலாம். அதன் உறுப்புகள் காலந்தோறும் ஒழுங்காக வடிவம் மாறி வந்துள்ளன என்பதே அவர் நிறுவிய கருத்து.

அதற்கு அவர் காட்டிய சிறந்த எடுத்துக்காட்டு போதிகை. தூணின் தலைமீது அமர்ந்து உத்திரத்தைத் தாங்கும் கல்லே போதிகை. பல்லவர் காலத்தில் அதன் முகம் வளைந்து, அலையலையான உருளைகளையும் நடுவில் ஒரு பட்டையையும் கொண்டிருந்தது. சோழர் காலத்தில் அவ்வளைவு நேர்ச்சாய்வாக மாறியது. பிற்சோழர் காலத்தில் நடுவிலிருந்து ஒரு முனை வெளியே நீண்டது. விஜயநகரக் காலத்தில் அம்முனை கீழ்நோக்கித் தொங்கும் மொட்டாக வளர்ந்தது. பின்னர் வாழைப்பூப் போன்று திரண்டு அணிவேலைகள் மிகுந்தது. போதிகையைப் போன்றே விமானத்தின் கூடுகளும் சுவரின் கும்பபஞ்சரங்களும் காலத்தைக் காட்டும் உறுப்புகளாக அமைந்தன.

துப்ரேய் ஆராய்ந்த இடங்களுள் நம் மாவட்டத்து மண்டகப்பட்டும் தளவானூரும் அடங்கும். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றி அமைத்த கோயில் என்று மகேந்திரவர்மன் பெருமிதத்துடன் கல்வெட்டில் குறித்த குடைவரை மண்டகப்பட்டில்தான் உள்ளது. அக்காலத்து ஆய்வாளரின் கருவிகள் அளவுநாடா, தூக்குநூல், காகிதம், எழுதுகோல், நிழற்படக் கருவி ஆகியவையே. ஏணி எட்டாத இடத்தைக் கண்ணால் மதிப்பிட்டுத்தான் வரைய வேண்டியிருந்தது. அவர்கள் கண்ணாலும் கையாலும் செய்த பணியை இன்று ஒளியால் செய்யலாம்.

ஒளி அளக்கும் முறை

முக்காலியின்மேல் நிறுத்தப்படும் லேசர் வருடி சுற்றிச் சுழன்று எல்லாத் திசைகளிலும் லேசர் ஒளியைச் செலுத்துகிறது. அவ்வொளி சுவரிலோ தூணிலோ பட்டுத் திரும்புகிறது. சென்று திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தையும் ஒளியின் வேகத்தையும் கொண்டு கருவி தொலைவைக் கணக்கிடுகிறது. பத்து மீட்டர் தொலைவிலுள்ள தூணைத் தொட்டு மீள ஒளிக்குத் தேவைப்படும் நேரம், ஒரு நொடியை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஏறத்தாழ அறுபத்தேழு கூறு. வேறு சில கருவிகள் ஒளியலையின் கட்ட மாற்றத்தைக் கொண்டு இதே தொலைவைக் காண்கின்றன. இன்றைய கருவிகள் ஒரு நொடியில் பல லட்சம் புள்ளிகளைச் சில மில்லிமீட்டர் துல்லியத்தில் அளக்க வல்லவை.

ஓரிடத்தில் நின்று பார்க்கும்போது தூணின் பின்புறம் மறைந்திருக்கும். ஆதலால் கருவியைப் பல இடங்களில் மாற்றி மாற்றி வைத்து வருட வேண்டும். எல்லா இடங்களிலிருந்தும் தெரியுமாறு வைக்கப்படும் குறிப்பந்துகளைக் கொண்டு அப்பதிவுகள் ஒன்றாக இணைக்கப்படுகின்றன. இறுதியில் கிடைப்பது கோடிக்கணக்கான புள்ளிகளால் ஆன திரள். இதனைப் புள்ளிமுகில் என்பர். அம்முகிலிலிருந்து ஆலயத்தின் தரைப்படத்தையும் முகப்புத் தோற்றத்தையும் எந்த உயரத்திலும் வெட்டுத் தோற்றத்தையும் கணினியில் பெறலாம். இவையனைத்தும் கல்லைத் தொடாமலேயே நிகழ்கின்றன. எவ்வுயிர்க்கும் எப்பொருட்கும் ஊறு நேராவண்ணம் செயல்பட விழையும் நம் மரபுக்கு உகந்த அளவை முறை இது எனலாம்.

உறுப்புகளை அடையாளம் காணுதல்

அளவெடுப்பது பணியின் முதற்பாதி. அளவுகளிலிருந்து கட்டட உறுப்புகளை அடையாளம் காண்பதே அதன் பயன். ஓர் ஆலயத்தின் அதிட்டானத்தைக் குறுக்காக வெட்டிப் பார்த்தாற்போன்ற கோடு புள்ளிமுகிலிலிருந்து கிடைக்கிறது. உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு உயரம், எவ்வளவு பிதுக்கம், குமுதம் உருண்டதா பட்டை தீர்ந்ததா என்பன அக்கோட்டில் தெளிவாகும். கிழக்குச் சுவரின் கோட்டையும் வடக்குச் சுவரின் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே காலத்தில் கட்டப்பட்டவையா, ஒன்று பின்னர் மாற்றப்பட்டதா என்பது புலப்படக்கூடும். ஒரு மண்டபத்தின் போதிகைகள் யாவற்றையும் இவ்வாறு ஒப்பிட்டால், வேறு காலத்தது அல்லது வேறிடத்திலிருந்து கொணர்ந்தது எனத் தக்க ஒரு போதிகை தனித்து நிற்கும்.

இடம் பெயர்ந்த கற்களை அறிவதற்கும் இம்முறை உதவும். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் தூண்கள் செஞ்சிக் கோட்டைப் பகுதியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவை என்பதைப் பலரும் அறிவர். அவற்றையும், செஞ்சி வேங்கடரமணர் கோயிலில் எஞ்சியுள்ள தூண்களையும் அளந்து ஒப்பிட்டால், அவை எம்மண்டப வரிசையைச் சார்ந்தவை என்பதை வடிவத்தைக் கொண்டே ஆராயலாம். பழைய திருப்பணிகளில் கற்கள் வரிசை மாறி அடுக்கப்பட்டு, கல்வெட்டு வரிகள் துண்டு துண்டாகக் கிடக்கும் இடங்களிலும், கற்களை அசைக்காமல் கணினியில் மீண்டும் வரிசைப்படுத்திப் பார்க்க வாய்ப்புண்டு.

திருவுருவங்களைப் பொறுத்தவரை, தேய்ந்துபோன பீடத்தில் இலாஞ்சனையின் சுவடு உள்ளதா, தலைக்குமேல் முக்குடையின் விளிம்பு தெரிகிறதா, தோளருகே சாமரம் வீசுவோரின் வடிவம் எஞ்சியுள்ளதா என்பன சிறு மேடு பள்ளங்களாகவே இருக்கும். கணினியில் ஒளியை எத்திசையிலிருந்தும் பாய்ச்சி அம்மேடு பள்ளங்களை மிகுத்துக் காட்டலாம். வயல்வெளிகளில் வேறு பெயர்களில் வழங்கும் சிதைந்த திருவுருவங்கள் தீர்த்தங்கரருடையனவா, புத்தருடையனவா என்னும் ஐயம் இத்தகைய நுண்ணிய சுவடுகளால்தான் தீரும்.

இம்முறையின் எல்லைகள்

இக்கருவிக்குரிய எல்லைகளையும் அறிந்துகொள்வது நலம். லேசர் ஒளி பரப்பைத்தான் காணும். சுண்ணாம்புப் பூச்சையோ சிமெண்டுப் பூச்சையோ ஊடுருவி அடியிலுள்ள கல்வெட்டைக் காட்டாது. ஆகவே பூசிவிட்ட பிறகு வருடுவதைக் காட்டிலும் பூசுமுன் வருடுவதே பயன் தரும். இரண்டாவதாக, முக்காலிக் கருவியின் சில மில்லிமீட்டர் துல்லியம் கட்டடத்துக்குப் போதும். தொண்டூர்ப் பாறையிலுள்ளது போன்ற தேய்ந்த எழுத்துகளுக்குப் போதாது. அவற்றுக்கு, அண்மையிலிருந்து வருடும் நுண்கருவிகளும், பல கோணங்களில் எடுத்த நிழற்படங்களிலிருந்து முப்பரிமாண வடிவம் பெறும் முறையும், விளக்கைப் பல திசைகளில் மாற்றி வைத்துப் படமெடுக்கும் முறையும் ஏற்றவை. மூன்றாவதாக, காலத்தைக் கருவி சொல்லாது. வடிவத்தை அது தரும். அவ்வடிவத்துக்குப் பொருள் காண்பவர் கட்டடக்கலை அறிந்த அறிஞரும், ஆலயத்தின் செவிவழிச் செய்திகளை அறிந்த நம் மூத்தோருமே ஆவர்.

உலகம் தரும் பாடம்

ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகள் 2001ஆம் ஆண்டில் தகர்க்கப்பட்டபோது அவற்றின் முழுமையான முப்பரிமாணப் பதிவு ஏதும் இல்லை. லேசர் வருடியை உருவாக்கியவர்களுள் ஒருவரான, ஈராக்கின் மோசுல் நகரில் பிறந்த பொறியாளர் பென் கசீரா, அவ்விழப்பால் உந்தப்பெற்று 2003ஆம் ஆண்டில் சைஆர்க் என்னும் அறநிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனமும் ஸ்காட்லாந்து நாட்டு வல்லுநரும் இந்தியத் தொல்லியல் துறையுடன் இணைந்து 2011ஆம் ஆண்டில் குஜராத்தின் பாட்டன் நகரிலுள்ள ராணி கி வாவ் படிக்கிணற்றை வருடிப் பதிவு செய்தனர். அப்படிக்கிணறு 2014இல் உலக மரபுச் சின்னமாயிற்று.

பாரிசு நகரின் நோத்ருதாம் பேராலயத்தைக் கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் 2010ஆம் ஆண்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நிலைகளிலிருந்து வருடி, நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளைத் திரட்டினார். கட்டடம் எவ்வாறு கட்டப்பட்டது என்பதை அறிவதே அவர் நோக்கம். 2018இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் பேராலயத்தின் கூரை தீக்கிரையானது. மீட்டுக்கட்டும் பணியில் அவருடைய பதிவு பயன்பட்டது. 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது. ஆய்வுக்காகச் செய்த பதிவு ஆபத்துக் காலத்தில் காப்பாகவும் ஆயிற்று.

நம் பக்கத்திலேயே இதற்கொப்பான சான்று ஒன்றுண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956ஆம் ஆண்டு முதல் தென்னிந்தியக் கோயில்களையும் படிமங்களையும் நிழற்படம் எடுத்துத் தொகுத்து வந்தது. திருட்டுப்போன படிமங்கள் அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் காணப்பட்டபோது, அவை எக்கோயிலுக்குரியவை என மெய்ப்பிக்க அப்படங்களே உதவின. ஆஸ்திரேலியாவிலிருந்து 2014இல் திரும்பிய ஸ்ரீபுரந்தான் நடராசர் அவ்வாறு மீண்டவரே. பதிவு இல்லாத படிமத்துக்கு உரிமை கோருவது எளிதன்று.

நாம் செய்யத்தக்கவை

நம் ஊர்கள் பலவற்றில் குடும்பங்கள் கல்விக்கும் தொழிலுக்குமாகச் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்துவிட்டன. எஞ்சிய சில குடும்பங்கள் ஆலயத்தைக் காத்து வருகின்றன. அயலூரில் வாழ்வோர் பொருளுதவி செய்து திருப்பணி நிகழ்த்துவது போற்றத்தக்க அறம். ஆயினும் அன்பின் மிகுதியால் பழந்தூணுக்கு எண்ணெய் வண்ணம் பூசுவதும், கல்தரைமீது பளிங்கு ஓடு பதிப்பதும், மணலை வீசிக் கல்லைச் சுரண்டித் துலக்குவதும், தாழ்ந்த அதிட்டானத்தை மண்ணிட்டு மூடுவதும் ஆங்காங்கே நிகழ்கின்றன. அவ்வாறு மறைந்த உறுப்பு மீண்டும் கண்ணுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

ஆலயம் வழிபாட்டுக்குரியது, காட்சிச்சாலை அன்று எனச் சிலர் கூறலாம். அது முற்றிலும் உண்மையே. திருப்பணியைத் தடுப்பது பதிவின் நோக்கமன்று. எதனைக் கழற்றினோம், எதனை மாற்றினோம், முன்பு எவ்வாறு இருந்தது என்பதை வருந்தலைமுறைக்குச் சொல்வதே அதன் நோக்கம். வழிபாடு தொடர்வதால்தான் ஆலயம் மாறுகிறது. மாறுவதால்தான் பதிவு தேவைப்படுகிறது.

ஆகவே நம் அறக்கட்டளைகளும் ஆலயக் குழுக்களும் சில நெறிகளைத் தீர்மானமாகவே ஏற்றுக்கொள்ளலாம். திருப்பணித் திட்ட மதிப்பீட்டில் அளவுப் பதிவுக்கென ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்குதல் வேண்டும். பணி தொடங்குமுன் ஒருமுறையும் முடிந்தபின் ஒருமுறையும் வருடுதல் வேண்டும். தொல்லியல் துறையின் காப்பிலுள்ள குன்றுகளில் உரிய அனுமதி பெற்ற பின்னரே எப்பதிவும் செய்தல் வேண்டும். பொறியியல், கட்டடக்கலைக் கல்லூரிகளில் பயிலும் நம் இளைஞர்கள் இப்பணியில் முன்னிற்கலாம். 2020ஆம் ஆண்டு முதல் சில கைப்பேசிகளிலும் சிறிய லேசர் வருடி அமைந்து வருகிறது. அதன் துல்லியம் குறைவெனினும் பயிற்சிக்கும் முதற்பதிவுக்கும் அது போதும். கருவி கிடைக்காத ஊர்களில், அளவுகோலை அருகில் வைத்து நாற்புறமும் எடுக்கும் நிழற்படங்களும் பெரும் பயன் தரும்.

பதிவு யாருடையது என்பதை எழுத்து வடிவில் உறுதி செய்தல் இன்றியமையாதது. வருடிய நிறுவனத்தின் கணினியில் மட்டும் கிடக்கும் பதிவு நம்முடையதாகாது. எந்த மென்பொருளாலும் படிக்கத்தக்க ஈ-57 போன்ற பொது வடிவில் மூலப்பதிவைப் பெற்று, ஆலயத்திலும் திருமடத்திலும் பிறிதோர் ஊரிலுமாக மூன்று படிகள் வைக்க வேண்டும். வட்டுகள் பழுதாகும் தன்மையன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வட்டுக்கு மாற்றும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தல் நன்று. உலோகத் திருமேனிகள் இருக்கும் அறை, பூட்டு, வாயில் ஆகியவற்றைக் காட்டும் பகுதிகளைப் பொதுவெளியில் இடலாகாது.

இவற்றோடு, தூண்களுக்கும் மண்டபங்களுக்கும் ஊரார் வழங்கும் பெயர்களையும், யார் காலத்தில் எது கட்டப்பட்டது என மூத்தோர் கூறும் செய்திகளையும் எழுதிச் சேர்க்க வேண்டும். புள்ளிமுகில் எவ்வளவு துல்லியமாயினும், அத்தூணை யாருடைய பாட்டி யாருடைய நினைவாக நிறுத்தினார் என்பதைச் சொல்லாது.

பெயரைக் கல்லில் பொறித்ததால் மோசியின் அறம் நம்மிடம் வந்து சேர்ந்தது. அவர் செய்வித்த படுக்கையில் தங்கிய துறவியரின் பெயர் ஒன்றும் நமக்குக் கிட்டவில்லை. பதிந்ததற்கும் பதியாததற்கும் உள்ள வேறுபாடு அதுவே. அடுத்த திருப்பணிக்கு நாள் குறிக்கும் ஒவ்வொரு குழுவும், சாரம் கட்டுவதற்கு முன் ஒரு நாளை அளவெடுப்பதற்கென ஒதுக்குமாயின், நாம் பெற்றதைக் குறையாமல் ஒப்படைத்தவர் ஆவோம்.

வாழ்க அறம், வளர்க ஜினநெறி.